நாற்பத்து மூன்றாவது கூறு

பேத்தி பிறந்திருக்கிறாள் என்று அமெரிக்கா போகும் மாமியார்களுக்கு அருவி காட்டுவார்கள், பெரிய பெரிய கடைகளைக் காட்டுவார்கள். என் சம்பந்தி வீட்டார் எனக்குக் காட்டியது பதினொரு கல்லறைத் தோட்டங்கள். பென்சில்வேனியாவின் மூலை முடுக்கெல்லாம் காரில் அழைத்துப் போய், பாசி பிடித்த கற்களுக்கு முன்னால் என்னை நிறுத்தி, "இவர் ஹைன்ரிஷின் மூன்றாவது மகன்", "இவள் அவருடைய மனைவி" என்று அறிமுகம் செய்து வைத்தார்கள். நானும் ஒவ்வொரு கல்லுக்கும் கும்பிடு போட்டு வைத்தேன். எலும்பைத் துளைக்கிற குளிர். வழியில் ஒரு டீக்கடை கிடையாது. பிளாஸ்கில் கொண்டுவந்த காப்பியோ கழுநீர் மாதிரி இருந்தது.

ஹைன்ரிஷ் என்பவன் ஜெர்மனியிலிருந்து கப்பலேறி வந்து, அந்த நாடு இங்கிலாந்துக்காரன் கையில் இருந்த காலத்திலேயே காடு திருத்திக் குடியேறிய விவசாயி. கப்பல் கூலிக்கு வழியில்லாமல், இறங்கிய இடத்திலேயே ஒரு பண்ணைக்காரனிடம் ஐந்து வருஷம் மாடாய் உழைத்துக் கழித்தவன். இதை என் மருமகளின் தாய் ரூத்தும், ரூத்தின் அண்ணன் வால்டரும் சொன்ன பெருமையைப் பார்க்க வேண்டும். நம் பக்கத்தில் இப்படி ஒரு முப்பாட்டன் இருந்திருந்தால், அவனை முதலில் ஜமீன்தார் ஆக்கிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார்கள்.

இந்த விஷயத்தில் என் அலட்சியத்துக்குக் காரணம் உண்டு. முப்பத்தொரு வருஷம் தாலுகா ஆபீஸில் குப்பை கொட்டியவள் நான். அதில் பாதிக் காலம் வாரிசுச் சான்று மேசை. ஒருவர் இறந்தால் அவருக்கு யார் யார் வாரிசு என்று விசாரித்து எழுதித் தரும் காகிதம் அது. உயிரோடு இருக்கும் முதல் மனைவியைச் சாகடித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பம்பாய்க்குப் போன தம்பியைப் பிறக்கவே இல்லை என்று சத்தியம் செய்தவர்களைப் பார்த்திருக்கிறேன். வம்சம் என்பது இரண்டு சாட்சிகள் சேர்ந்து சொல்லும் கதை, அவ்வளவுதான். அந்தக் கதைக்காக ஒரு மனுஷன் சாப்பாட்டு அறைச் சுவரை முழுவதும் அடைத்து வரைபடம் ஒட்டி வைப்பானா?

வால்டர் வைத்திருந்தார். கட்டம் கட்டமாக எட்டுத் தலைமுறை. ரயில்வே எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு ஆவணம் இல்லாமல் எந்தக் கட்டத்திலும் பெயர் எழுத மாட்டாராம். அந்த ஒரு குணத்துக்காக அவரை எனக்குக் கொஞ்சம் பிடித்திருந்தது. எல்லாக் கட்டமும் நிரம்பி, மேலே ஹைன்ரிஷுக்குப் பக்கத்தில் ஒன்று மட்டும் பாதி காலி. காஸ்பர், ஹைன்ரிஷின் தம்பி. பிறப்பு உண்டு, முடிவு இல்லை. கேள்விக்குறி.

காஸ்பர் அண்ணனோடு அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறவில்லை. வெள்ளைக்காரக் கம்பெனிக்காகக் கூலிக்குச் சண்டை போட வந்த ஒரு ஜெர்மன் பட்டாளத்தில் சேர்ந்து ஆற்காட்டுக்கு வந்துவிட்டான். கூட இருந்த சிப்பாய் ஒருவன் ஹைன்ரிஷுக்கு எழுதிய கடிதம் மட்டும் மிச்சம். காய்ச்சலிலிருந்து எழுந்த காஸ்பர், தெற்கே தெரியும் மலைகளுக்குப் போனான், அங்கே மனிதர்கள் வசிக்கிறார்கள் என்று சொல்கிறார்கள், அவன் திரும்பி வரவில்லை என்று அதில் இருந்தது. ஹைன்ரிஷ் அதோடு விடவில்லை. சாகும்போது நிலத்தை ஐந்தாகப் பிரித்து, நாலு பங்கை நாலு பிள்ளைகளுக்கும், ஐந்தாவதை "என் தம்பி காஸ்பர் வந்தால் அவனுக்கும்" என்று உயில் எழுதி வைத்தான். அந்த ஐந்தாவது பங்கு நிலத்தையும் வால்டர் என்னைக் கூட்டிப்போய்க் காட்டினார். அங்கே ஒரு டயர் கடை இருந்தது.

நான் சிரித்துவிட்டேன். வால்டர் சிரிக்கவில்லை.

ஆற்காடு என்ற பெயரைக் கேட்டதும் எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். என் மகன் அருண், படித்த முட்டாள், உடனே போனில் வரைபடத்தை விரித்து, "தெற்கே மலைன்னா ஜவ்வாதுதான். அம்மா இருக்கிற திருப்பத்தூரிலிருந்து தொட்டுவிடும் தூரம்" என்றான். அன்றைக்கே என் நிம்மதி போயிற்று.

அடுத்த தை மாதம் ரூத் வந்து இறங்கினாள். வால்டர் வரவில்லை. நரம்பு நோயில் இரண்டு கால்களும் போய், கைக்கும் ஏறிக்கொண்டிருந்தது. பேனா பிடிக்க இன்னும் சில மாதம்தான் முடியும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறாராம். அந்தக் கட்டத்தைத் தன் கையால் நிரப்ப வேண்டும் என்பது அவர் ஆசை. "எதைச் சொன்னாலும் ஆமாம் என்று தலையாட்டி வை, அம்மா. காரியத்தைக் கெடுத்துவிடாதே" என்று மகன் போனில் கெஞ்சினான். ஆதாரம் இல்லாமல் தலையாட்டுவது என் சர்வீஸில் கிடையாது என்று வைத்துவிட்டேன்.

ரூத் ஓய்வுபெற்ற பல் டாக்டர். அறுபத்தாறு வயது. முட்டைகூடத் தொடாத சைவம். பார்க்கிற எல்லாவற்றையும் அற்புதம் என்பாள். ஜீப் ஓட்டிய முருகேசன் அற்புதம், முருகேசன் கண்ணாடியில் தொங்கவிட்ட எலுமிச்சம்பழம் அற்புதம். நாலாவது கொண்டை ஊசி வளைவில் வண்டி கொதித்து நின்றபோது, அந்தப் புகையும் அற்புதம்.

"வண்டி சூடாய்டுச்சி மேடம். பத்து நிமிஷம் நிக்கட்டும்" என்றார் முருகேசன். ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே கேட்டார்: "இன்னாத்த தேட்றாங்க இவங்க?"

"அவங்க முப்பாட்டனோட தம்பிய."

"எப்ப காணாம போனாரு?"

"இருநூறு வருஷத்துக்கு மேல ஆவுது."

முருகேசன் மூடியைத் திருகி, கையைத் துடைத்துக்கொண்டார். "அப்ப கம்ப்ளைண்ட் குடுத்து யூஸ் இல்ல."

அந்தப் பயணத்தில் நான் கேட்ட முதல் உருப்படியான பேச்சு அதுதான்.

ஜமுனாமரத்தூரில் லாட்ஜ் என்று ஒன்று கிடைத்தது. வெந்நீர் வரும் என்று பலகையில் எழுதியிருந்தது, பலகையோடு சரி. பக்கத்து ஹோட்டலில் இட்லி கேட்டால் இட்லி இருந்தது, சட்னி தீர்ந்துவிட்டது. ரூத் இட்லியைத் தேனில் தொட்டுத் தின்றாள். கடைக்காரர் அதைப் பார்க்கப் பொறுக்காமல் கொஞ்சம் ஊறுகாய் கொண்டுவந்து வைத்தார். பென்சில்வேனியாவில் என் மிளகாய்ப் பொடியைப் பார்த்து இவர்கள் முகம் சுளித்தது ஞாபகம் வந்தது. இங்கே நான் பதிலுக்குச் சுளித்துக்கொண்டேன்.

சாயங்காலம் வால்டர் போனில் வந்தார். அவருக்கு அது விடிகாலை. குசலம் கிடையாது, வணக்கம் கிடையாது. திரையில் முகம் தெரிந்ததும் ஒரே கேள்வி: "கிடைத்தானா?"

"இன்னும் இல்லை, வால்ட்" என்றாள் ரூத். பிறகு இருவரும் அரைமணி நேரம் பேசினார்கள். பார்த்த மரம், தின்ற இட்லி, ஜீப்பில் வந்த புகை ஒன்று விடாமல் அண்ணனுக்கு ஒப்பித்தாள். எழுபது வயதுக் கிழவரும் அறுபத்தாறு வயதுக் கிழவியும், செத்துப்போன ஒருவனைப் பங்கு போட்டுக்கொண்டு சிரித்ததைப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பொறாமைதான். மறைப்பானேன்?

எனக்கும் இரண்டு அண்ணன்கள் உண்டு. அப்பா இறந்த இரண்டாவது மாதம், ஆண் பிள்ளைகள் இருவர் மட்டுமே என்று எழுதி வாரிசுச் சான்று வாங்கிவிட்டார்கள். நான் வேலை பார்த்த அதே ஆபீஸில், நான் லீவில் இருந்த வாரத்தில். எந்த ஊர் ஆபீஸ் என்று சொல்ல மாட்டேன். லீவு முடிந்து வந்து கோப்பைப் புரட்டியபோது அந்த நகலைப் பார்த்தேன். ராமலிங்கத்துக்கு மகள் என்று ஒருத்தி இருந்ததற்கு அதில் ஒரு எழுத்து இல்லை. சண்டை போடவில்லை. அண்ணன்கள் வீட்டு வாசல் மிதிப்பதை நிறுத்திக்கொண்டேன். ஊரார் வாரிசுகளையெல்லாம் நோண்டி எடுத்தவள், என் பெயரை மட்டும் நோண்டாமல் விட்டுவிட்டேன்.

மறுநாள் காலை, லாட்ஜ் வாசலில் தொப்பி போட்ட ஒருவன் காத்திருந்தான். நாங்கள் எதற்கு வந்திருக்கிறோம் என்பது அதற்குள் ஊர் முழுக்கத் தெரிந்திருந்தது.

"ஜெர்மன்காரரு தானே? இருக்காரு வாங்க, காட்றேன்" என்றான், ஏதோ உள்ளே டிபன் சாப்பிட்டுக்கொண்டிருப்பவரைக் கூப்பிடுகிற மாதிரி.

அவன் கூட்டிப்போய்க் காட்டியது குள்ளர் வீடு. பெரிய பலகைக் கற்களை நிறுத்தி, மேலே ஒரு கல்லை மூடி, முன்னால் வட்டமாக ஓட்டை போட்ட பழைய காலத்துக் கல் அறைகள். எந்தக் காலத்து மனிதர்கள் எந்தப் பிணத்துக்குக் கட்டியதோ, காஸ்பர் பிறப்பதற்கு ஆயிரக்கணக்கான வருஷங்கள் முந்தியவை. தொப்பிக்காரன் அளந்துவிட்டான் பாருங்கள்: "இதுல தான் தொர படுத்துக்குனு இருப்பாரு. இந்த ஓட்ட வழியா தான் துப்பாக்கிய நீட்டுவாரு. புலி வந்தா ஒரே போடு."

"ஏம்பா, உள்ள ஒரு ஆடு படுக்க எடம் இல்ல. அவரு ஆறடி ஆளு. எப்படி படுத்தாரு?"

"மடக்கி படுத்துக்குவாரு மேடம்."

ரூத் அந்தக் கல்லைத் தொட்டுக்கொண்டு கண்கலங்க நின்றாள். எனக்குத் தாங்கவில்லை. வரும் வழியில், அது வரலாற்றுக்கு முந்திய சமாதி, அந்தத் தொப்பிக்காரன் விட்டது முழுக் கப்சா என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தெரியும் கோமதி. வால்டர் அனுப்பிய குறிப்பிலேயே இருந்தது. ஆனால் அவர் துப்பாக்கியை நீட்டிக் காட்டியது நன்றாக இருந்ததே" என்றாள்.

அன்றைக்குச் சந்தை நாள். புளி, சாமை, கடுக்காய், தேன் பாட்டில்கள், பிளாஸ்டிக் குடங்கள், செல்போன் உறைகள் எல்லாம் ஒரே வரிசையில். ரூத் ஒவ்வொரு கடையிலும் நின்று, குடும்ப ஆவணங்கள் வைத்திருந்த நீலக் கோப்பை விரித்து, கேட்கச் சொன்னாள். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன். ரொம்ப ரொம்ப நாளைக்கு முன்னால் ஒரு வெள்ளைக்காரர் இந்தப் பக்கம் வந்து தங்கியதாகக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? பதினைந்து பேர் இல்லை என்றார்கள். ஒருவர், அவர் தேர்தலில் நிற்கிறாரா என்று கேட்டார்.

புளி விற்றுக்கொண்டிருந்த பூங்காவனம்தான் தலையைச் சாய்த்து யோசித்தாள். நாற்பது வயதிருக்கும். தாலிக்கயிற்றில் இரண்டு ஊக்கு, ஒரு பீரோ சாவி.

"வெள்ளைக்காரரான்னு தெரியாதுக்கா. ஆனா யாருமில்லாதவரு ஒருத்தரு எங்க ஊர்ல இருக்காரு."

"இருக்காரா?"

"செத்துட்டாரு. ஆனா கூறு வாங்கறாரு."

நெல்லிவாசல்நாடு என்ற மலைப் பகுதியில் உள்ளடங்கிய சின்ன ஊர் அவளுடையது. அவள் சொன்னது இதுதான். தை மாசம் சாமிக்குக் கிடாய் வெட்டினால், கறியைத் தலைக்கட்டுக்கு ஒரு கூறாகப் பிரிப்பார்கள், அதாவது குடும்பத்துக்கு ஒன்று. ஊரில் நாற்பத்திரண்டு தலைக்கட்டு. இலையில் விழுவதோ நாற்பத்து மூன்று கூறு. கடைசிக் கூறு, எந்தக் காலத்திலோ கீழே இருந்து தனியாக வந்து, அங்கேயே தங்கி, அங்கேயே செத்த ஒரு ஆளுக்கு. பெயர் தெரியாது. அவர் பேசியது யாருக்கும் புரியாதாம். சொந்தக்காரர் யாராவது ஒருநாள் வந்தால் கொடுக்க வேண்டும் என்று போட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

"யாரும் வரலன்னா அந்தக் கறிய இன்னா பண்ணுவீங்க?"

"சாயந்தரம் வரைக்கும் அவருக்கு நட்ட கல்லாண்ட வச்சிருப்போம். அப்புறம் வெட்டுனவங்க எடுத்துக்குவாங்க. வீணாக்கலாமா? நாளைக்கு தான் கெடா வெட்டு. வாங்களேன்."

மொழிபெயர்த்ததும் ரூத் அங்கேயே புளிச் சாக்கின்மேல் உட்கார்ந்துவிட்டாள். நான் மட்டும் விடவில்லை. பேச்சுப் புரியவில்லை என்றால் ஜெர்மன்காரனா? தெலுங்கனாக இருக்கலாம், மராட்டியனாக இருக்கலாம், நவாபின் குதிரைக்காரனாக இருக்கலாம். அந்தக் காலத்தில் ஆற்காட்டைச் சுற்றிப் புரியாத பாஷை பேசியவர்களை வரிசையில் நிறுத்தினால் வேலூரைத் தாண்டும். இதையெல்லாம் அன்று சாயங்காலம் வால்டரிடமும் சொன்னேன். "நீ சொல்வது சரி" என்றார். "ஆனாலும் போய்ப் பார்."

மூன்றாம் நாள் ஜீப் பாதி வழியில் கைவிட்டது. மழையில் அரித்த பாதை. முருகேசன் இறங்கிப் பார்த்துவிட்டு, "இதுக்கு மேல வண்டி வராது, கால் தான் வரும்" என்றார். ஒன்றரை மணி நேரம் நடந்தோம். ரூத் மான் மாதிரி போனாள். எனக்குத்தான் மூச்சு வாங்கியது. நான் மூன்று மாதம் பென்சில்வேனியாவில் லிஃப்டிலும் காரிலும் போய் வந்தவள், அவள் இந்த மலையிலேயே பிறந்து நடந்தே வளர்ந்தவள் போலிருந்தது.

ஊர் என்றால் ஓட்டு வீடுகளும் தொகுப்பு வீடுகளும் கலந்து ஒரு சரிவு. கோயில் என்றால் ஒரு மரத்தடி. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும் என்றார்கள். ரூத் முள்ளிலும் கல்லிலும் எம்பி எம்பி வந்தாள். ஊர்த் தலைவரான ஊர்க்கவுண்டரைப் பார்த்ததும் எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. தலைப்பாகையும் மீசையுமாக எதிர்பார்த்தேன். ஏழாம் நம்பர் போட்ட கால்பந்துச் சட்டையில், நாற்பத்தைந்து வயதில், கையில் அரிவாளோடு நின்றார். பெயர் சின்னராசு. பூங்காவனத்தின் கணவர்.

இலைகள் நாலு வரிசையாகப் பரப்பியிருந்தன. இரண்டு பேர் கறியை எடுத்து ஒவ்வொரு இலையிலும் வைத்துக்கொண்டே போனார்கள். எலும்பு ஒன்று, ஈரல் ஒரு துணுக்கு, கொழுப்பு ஒன்று என்று எல்லா இலையிலும் எல்லாம் இருந்தது. இவ்வளவு நேர்மையான பாகப்பிரிவினையை என் சர்வீஸில் நான் பார்த்ததில்லை. கடைசி இலை தனியாக, ஒரு பெரிய புளியமரத்தின் அடியில், முழங்கால் உயரத்துக்கு நட்டிருந்த ஒரு கல்லின் முன்னால் இருந்தது. கல்லில் எழுத்து இல்லை, குறி இல்லை.

அப்போதுதான் அந்த வேலையைச் செய்தேன். புத்தி போகிற போக்கு. மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவள் மாதிரி, கணீரென்று கேட்டேன்: "இவருக்கு வாரிசுன்னு யாராவது இருக்காங்களா? இவர் பேர்ல சொத்து எதனா உண்டா?"

கறி வைத்துக்கொண்டிருந்த கைகள் நின்றன. சின்னராசு அரிவாளைக் கீழே வைத்துவிட்டு வந்தார்.

"மரத்துக்கு வந்தீங்களாங்க?"

அந்தப் புளியமரம் நாற்பத்து மூன்றாவது தலைக்கட்டின் மரமாம். அதன் புளியை விற்ற காசு கோயில் விளக்குக்கு. என் கேள்வியால் நாங்கள் மரத்தைப் பிடுங்க வந்தவர்கள் ஆகிவிட்டோம். வாரிசு என்ற வார்த்தை எப்போது எதற்காக ஊருக்குள் வரும் என்பது என்னைவிட யாருக்குத் தெரியும்? அதை நானே கொண்டுவந்து போட்டேன்.

"மரத்த கேட்டு வந்தவங்கள நெறைய பாத்துட்டோம்" என்றார் சின்னராசு. குரலில் மரியாதை குறையவில்லை. "சாப்ட்டு கெளம்புங்க."

ரூத்துக்கு மொழி புரியவில்லை, முகங்கள் புரிந்தன. "என்ன ஆயிற்று?" என்றாள். சொல்ல நா கூசியது. சொன்னேன். அவள் என்னைத் திட்டியிருந்தால் தேவலை. திட்டவில்லை. நீலக் கோப்பைத் திறந்து ஹைன்ரிஷின் உயிலை எடுத்தாள், பூங்காவனத்தின் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தாள், "இதைப் படித்துச் சொல்" என்றாள்.

படித்தேன். "இவங்க முப்பாட்டனுக்கு நாலு புள்ளைங்க. நெலத்த அஞ்சு பங்கா போட்டாரு. அஞ்சாவது, காணாம போன தம்பிக்கு. வந்தா குடுக்கறதுக்கு."

"வந்தாரா?" என்றாள் பூங்காவனம்.

"வரல."

"அந்தப் பங்கு இன்னா ஆச்சு?"

"டயர் கட ஆயிடுச்சி."

கூட்டத்தில் யாரோ களுக்கென்றார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். ரூத்தும் எதற்கென்று தெரியாமல் சிரித்தாள். சின்னராசு மட்டும் அந்தக் காகிதத்தை வாங்கி, புரியாத எழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்ப அவங்களும் கூறு போட்டுக்கினு தான் இருந்திருக்காங்க" என்றார்.

முப்பத்தொரு வருஷத்தில், பங்கு பெருகட்டும் என்று ஆளை மறைத்தவர்களைத்தான் பார்த்திருக்கிறேன். இல்லாத ஒருவனுக்காகத் தன் பங்கைக் குறைத்துக்கொண்டவர்களை அன்றைக்குத்தான், அதுவும் இரண்டு இடத்தில், பார்த்தேன்.

மரம் வேண்டாம் என்று எத்தனை தடவை சொன்னேனோ தெரியாது. ஒருவழியாக நம்பினார்கள். அதற்குப் பிறகு வந்தது அடுத்த சிக்கல். கூறு வாங்குகிறவர் கல்லுக்கு முன்னால் நின்று, எங்க ஆளு, எங்க கூறு என்று ஊர் காதில் விழும்படி சொல்ல வேண்டுமாம். ரூத்துக்குத் தமிழ் வராது.

"நீங்க சம்மந்தி தானே? நீங்க சொல்லுங்க" என்றார் சின்னராசு. "சாவு வூட்ல சம்மந்தி கோடித்துணி போட்றது இல்லியா? அது மாதிரி, சம்மந்தி சொன்னா செல்லும்."

"நான் எப்படிங்க சொல்றது? இவர் தான் அவர்ன்றதுக்கு இன்னா ஆதாரம் இருக்குது? பேர் தெரியாது, ஊர் தெரியாது..."

"அவரு யாருன்னு உங்கள யாரு கேட்டது?" என்றார் அவர், கொஞ்சம் எரிச்சலோடு. "கூற எடுத்துக்கறீங்களான்னு தான் கேக்கறோம். எடுத்துக்கினா வருஷா வருஷம் வந்து நிக்கணும். உட்டுட்டு போவக்கூடாது. அதான் கேள்வி."

ரூத் என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு அண்ணன் கையில் மிச்சமிருக்கும் சில மாதங்கள் கண்ணில் நின்றிருக்கும். எனக்கு ஒரு வாரிசுச் சான்றின் நகல் நின்றது. ஆதாரம் கையில் இருந்தும் என்னை இல்லை என்று எழுதினார்களே! இங்கே ஆதாரம் எதுவும் இல்லாமல், பெயர்கூடத் தெரியாமல், ஒருவனை இருக்கிறான் என்று வைத்திருக்கிறார்கள். கோபமாக வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம். அந்தக் கோபத்தோடுதான் கல்லின் முன்னால் போய் நின்றேன்.

"எங்க ஆளு. எங்க கூறு."

"காதுல வுழலியே" என்றது பின்வரிசையில் ஒரு குரல்.

"எங்க ஆளு! எங்க கூறு!" என்று கத்தினேன். மலையே கேட்டிருக்கும்.

இலையை மடித்து ரூத் கையில் கொடுத்தார்கள். பச்சைக் கறியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு அந்தச் சைவக்காரி நின்ற கோலத்தைப் படம் எடுத்து வைத்திருக்கிறேன். பூங்காவனம் அதைக் குழம்பு வைத்துச் சாமைச் சோற்றோடு போட்டாள். ரூத் ஒரே ஒரு துண்டை வாயில் வைத்து, கண்ணை மூடி, மாத்திரை மாதிரி விழுங்கினாள். மிச்சத்தை நான் தின்றேன். நன்றாகவே இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். போன இரண்டு நாள் சாப்பாட்டை நினைத்தால் அமிர்தம்.

மூன்றாவது வளைவில் ஜீப் மறுபடி கொதித்து நின்றபோது போனுக்கு டவர் கிடைத்தது. ரூத் அழைத்தாள். வால்டர் முகம் தலையணையில் சாய்ந்திருந்தது.

"கிடைத்தானா?"

ரூத் போனை என் கையில் திணித்துவிட்டாள். "நீ சொல். என்னால் முடியாது."

சொன்னேன். கல், மரம், இலை, என் அசட்டுக் கேள்வி, கத்தியது, தின்றது எல்லாம் சொன்னேன். அவர் குறுக்கிடவில்லை. முடிந்ததும் நான் எதிர்பார்த்ததைத்தான் கேட்டார்.

"ஆதாரம்?"

"ஒன்றும் இல்லை."

"ஒன்றுகூட?"

"ஒன்றுகூட இல்லை. அடுத்த வருஷமும் நான் போக வேண்டும், அது மட்டும் நிச்சயம்."

அந்தப் பக்கம் காகிதம் புரளும் சத்தம். மூச்சு வாங்க, "கோமதி, உங்கள் ஆபீஸில் இப்படி ஒன்று வந்தால் என்ன எழுதுவீர்கள்?" என்றார்.

எங்கள் ஆபீஸில் இப்படி ஒன்று வந்ததே இல்லை. ஆனாலும் கை பழகிய நடை வாயில் வந்தது. "ஆதாரம் ஏதும் இல்லை. பங்கு பெறப்பட்டது. அப்படி எழுதுங்கள்."

எழுதினார். ஒவ்வொரு எழுத்துக்கும் நேரம் பிடித்தது. "பெற்றுக்கொண்டவர் பெயர் வேண்டுமே" என்றார்.

"கோமதி."

"தகப்பன் பெயர்?"

ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த முருகேசன் திரும்பி என்னைப் பார்த்தார்.

"ராமலிங்கம்" என்றேன்.

"ராமலிங்கத்தின் மகள் கோமதி" என்று வால்டர் சத்தமாகச் சொல்லிக்கொண்டே எழுதினார். எழுத்து சரிதானா என்று பார்க்கச் சொல்லி, காகிதத்தைத் திரைக்கு அருகில் பிடித்தார். ஒரு எழுத்து தப்பாக இருந்தது. அதையும் திருத்த வைத்துவிட்டுத்தான் போனை வைத்தேன்.